79 வயதில் ஒரு நேயர் விருப்பம்

2020 மார்ச் 26, இரவு 11.59. கொரோனா பரவலால் சிங்கப்பூரில் மதுக்கூடங்களும் திரையரங்குகளும் இரவு விடுதிகளும் அந்த நிமிடத்தோடு மூடப்பட்டன. மறுநாள், மார்ச் 27 அன்று, அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் முன்னறிவிப்பு ஏதுமின்றி ‘மர்டர் மோஸ்ட் ஃபவுல்’ என்ற பாட்டை வெளியிட்டார். ஏறத்தாழ 17 நிமிடம் ஓடும் அந்தப் பாட்டுதான் அவர் வெளியிட்ட ஸ்டூடியோ பாட்டுகளிலேயே நீளமானது. கூடவே ரசிகர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: இது சில காலம் முன்பு பதிவுசெய்து வெளியிடாமல் வைத்திருந்த பாட்டு, உங்களுக்குச் சுவையாகப் படலாம், பத்திரமாக இருங்கள், கடவுள் துணையிருக்கட்டும். ஏப்ரல் 17ல் இன்னொரு பாட்டு வந்தது. மே 8ல் மூன்றாவது. பத்துப் பாடல்கள் கொண்ட முழு ஆல்பமான ‘ரஃப் அண்ட் ரவுடி வேஸ்’ ஜூன் 19 அன்று வெளியானது. சர்க்கிட் பிரேக்கர் என்ற ஊரடங்குக்குப் பிறகு இரண்டாம் கட்டத் தளர்வு தொடங்கியதும் அதே ஜூன் 19தான். ஐந்து பேர்வரை கூடலாம், காப்பிக்கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றானது.

தேதிகள் தற்செயலாகப் பொருந்தின, அவ்வளவுதான். ஆனாலும் இந்த ஊரில் இருந்து கேட்டவர்களுக்கு, ஊர் அடைந்துகிடந்த காலத்தின் இரு முனைகளிலும் இந்த ஆல்பம் நிற்கிறது. நான் கேட்ட விதத்தை அது மாற்றியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி இது. எட்டு ஆண்டுகளாகச் சொந்தமாக எழுதிய பாட்டு எதையும் ஆல்பமாகத் தராத, குரல் தேய்ந்துவிட்டது என்று எல்லாரும் எழுதி முடித்துவிட்ட ஒருவர், 79 வயதில் எழுபது நிமிட ஆல்பம் ஒன்றை இத்தனை உறுதியோடு எப்படித் தந்தார்? நான் நெடுங்கால ரசிகன். ரசிகன் பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்பதால், காதால் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய காரணங்களையே முன்வைக்கிறேன். என் முடிவையும் மறைக்கவில்லை: அந்த எட்டு ஆண்டுகளில் அவர் பாட்டு எழுதுபவரின் நாற்காலியை விட்டு எழுந்துபோய், அடுத்தவர் பாட்டைக் கேட்கும் நேயராக உட்கார்ந்தார். இந்த ஆல்பம் அந்த நேயர் எழுதியது.

2018, புவோனா விஸ்தா

டிலன் 1941 மே 24 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். முதல் ஆல்பம் 1962ல் வந்தது. 2016ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். 1988 ஜூனில் தொடங்கிய மேடைப் பயணத்தை நிறுத்தாமல், ஆண்டுக்கு நூறு கச்சேரிகள் என்ற கணக்கில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடியவர். குரல் கரகரத்துப்போனதில் வியப்பில்லை. எந்தத் தொண்டையும் அந்த உழைப்பைத் தாங்காது.

சிங்கப்பூருக்கு 2011 ஏப்ரலில் வந்து மரீனா கடலோரத் திறந்தவெளியில் பாடினார். அடுத்து 2018 ஆகஸ்ட் 6, புவோனா விஸ்தாவில் உள்ள ஸ்டார் தியேட்டர். இரண்டாவதுக்கு என்னோடு வந்தவர் வயதில் மூத்த நண்பர், துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். கேசட் காலத்தில் எனக்கு டிலனைக் காட்டியவரே அவர்தான். கச்சேரி முடிந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது அவர் முகம் சரியில்லை.

“தம்பி, ஒரு பாட்டாவது கேட்டவுடனே அடையாளம் தெரிஞ்சுச்சா?”

“ரெண்டு மூணு வரி வந்தப்புறம் தெரிஞ்சுதுண்ணே.”

“மெட்டை மாத்திட்டாரு, சரி. குரலும் போயிருச்சே. போனப்புறம் எதுக்கு மேடை?”

அன்று கூட்டத்தில் பாதிப் பேர் மனத்தில் இருந்த கேள்வி அது. பழைய பாட்டுகளை பியானோவுக்குப் பின்னால் நின்றபடி புதிய தாளத்தில், புதிய மெட்டில் பாடிவிட்டுப் போனார். ஆனால் அண்ணன் சொன்னதோடு எனக்கு அப்போதே ஒரு சிறு கருத்துவேறுபாடு இருந்தது. கூச்சலான பாட்டுகளில் சொற்கள் மசிந்துபோயின, உண்மைதான். மெதுவான பாட்டுகளில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு சொல்லும் நிறுத்தி, வாய்க்குள் உருட்டி, எடைபார்த்து வெளியே வந்தது. பத்தாண்டுக்கு முந்தைய ஒலிப்பதிவுகளில் அந்தப் பக்குவம் கிடையாது. எங்கிருந்து வந்தது?

அடுத்தவர் பாட்டு 52

2012 செப்டம்பரில் ‘டெம்பஸ்ட்’ வந்தது. அதன்பின் சொந்தப் பாட்டு ஆல்பம் இல்லை. 2015ல் ‘ஷேடோஸ் இன் த நைட்’, 2016ல் ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’, 2017ல் மூன்று தட்டுகளாக ‘டிரிப்ளிகேட்’. மூன்றும் பழைய அமெரிக்க மெல்லிசைப் பாட்டுகள், பெரும்பாலும் ஃபிராங்க் சினாட்ரா பாடிப் புகழடைந்தவை. முதலாவதில் 10, அடுத்ததில் 12, கடைசியில் 30. மொத்தம் 52.

அந்த நாள்களில் ரசிகர்கள் பொறுமை இழந்ததை நான் அறிவேன். எழுத எதுவும் மிச்சமில்லை, அதனால் தாத்தா காலத்துப் பாட்டைப் பாடிப் பொழுதுபோக்குகிறார் என்றார்கள். சினாட்ராவின் சாரீரம் எங்கே, இவர் எங்கே என்றார்கள். இந்தக் காலகட்டம்தான் முழு விவகாரத்தின் திறவுகோல் என்று எனக்குப் படுவதால் இங்கே சற்று நிற்கிறேன்.

அந்தப் பாட்டுகள் டிலன் வழக்கமாக எழுதும் பாட்டுகளைப் போன்றவை அல்ல. அவருடைய பாட்டில் ஒரு வரிக்குள் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குரல் சறுக்கினாலும் அடுத்த சொல் வந்து மூடிவிடும். சினாட்ராவின் பாட்டில் சொற்கள் குறைவு. ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு தீரும்வரை நிற்க வேண்டும், வரியின் கடைசி அசையைக் கைவிடாமல் இறக்கிவைக்க வேண்டும். ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அதிலும் முதல் ஆல்பத்தை ஹாலிவுட்டின் கேப்பிடல் ஸ்டூடியோவில், வாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒரே அறையில் இருக்க, காதில் ஹெட்போன் இல்லாமல், பாடகருக்குத் தனிக்கூண்டு இல்லாமல் நேரடியாகப் பதிவுசெய்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆல் ஷ்மிட். அப்படிப் பாடும்போது பாடகர் சத்தத்தைக் கூட்டினால் பயனில்லை. வாத்தியங்கள் தணிய வேண்டும், குரல் மைக்கின் அருகே வர வேண்டும், மூச்சு விடுவதுகூட பாட்டின் பகுதியாகிவிடும்.

எழுபதைத் தாண்டிய ஒருவர் இதை 52 பாட்டுகளில் செய்தார். நம் சங்கீதக்காரர்கள் சாதகம் என்பார்களே, அதுதான் இது. நாம் அதை ஓய்வு என்று எடுத்துக்கொண்டோம்.

இதோடு சேர்த்து வைக்க வேண்டிய இன்னொன்று நோபல் உரை. 2017 ஜூனில் அதை ஒலிப்பதிவாகத் தந்தார். பின்னணியில் ஆலன் பாஸ்குவா பியானோ வாசித்துக்கொண்டே இருக்க, அதன்மேல் டிலன் பேசிக்கொண்டு போகிறார். பேச்சு கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தில் கிரேக்கக் கலைமகளை அழைக்கும் வரியோடு முடிகிறது. மூன்று ஆண்டு கழித்து வந்த 17 நிமிடப் பாட்டில் பியானோ வாசிப்பவர்களில் ஒருவர் அதே பாஸ்குவா. அதே ஆல்பத்தின் ஏழாவது பாட்டான ‘மதர் ஆஃப் மியூசஸ்’ கலைமகளின் தாயை அழைத்து, எனக்காகப் பாடு என்று கேட்கிறது. உரையை ஒருமுறையும் இந்த இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒன்று மற்றதன் முன்வரைவு என்பது தெரிந்துவிடும்.

குரல் என்ன செய்கிறது

ஆல்பம் 2020ன் தொடக்கத்தில், ஜனவரி, பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில் பதிவானது. ஒலிப்பதிவு கிறிஸ் ஷா. தயாரிப்பாளர் என்று யார் பெயரும் போடப்படவில்லை. வாசித்தவர்கள் பெரும்பாலும் மேடையில் அவரோடு இருந்தவர்கள்: பேஸ் டோனி கார்னியர், கிட்டார் சார்லி செக்ஸ்டன், பாப் பிரிட், பல வாத்தியங்களுக்கு டானி ஹெரன், டிரம்ஸ் மேட் சேம்பர்லின்.

முதல் பாட்டான ‘ஐ கன்டெய்ன் மல்டிட்யூட்ஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் கவிதையிலிருந்து வந்தது. டிரம்ஸ் அநேகமாக இல்லை. கிட்டாரும் ஸ்டீல் கிட்டாரும் தரையில் பாய் விரித்ததுபோல் கிடக்கின்றன. குரல் கீழ்ஸ்தாயியில் தொடங்கி அங்கேயே இருக்கிறது. மேலே போக முயலவே இல்லை. பாட்டின் வீச்சு சில சுரங்களுக்குள் அடங்கிவிடும். இந்த வயதில் தன் குரல் நம்பகமாக நிற்கும் இடம் எதுவென்று பார்த்து, அந்த இடத்துக்குள்ளேயே பாட்டை எழுதியிருக்கிறார். சுருதியை இறக்கிக்கொண்டு பழைய உருப்படியைப் பாடும் மூத்த வித்வான்களை நாம் பார்த்திருக்கிறோம். இது அதற்கும் ஒரு படி மேல். உருப்படியையே இறங்கிய குரலுக்குத் தைத்திருக்கிறார்.

கரகரப்பு மறைக்கப்படவில்லை. 1997ல் வந்த ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ ஆல்பத்தில் தயாரிப்பாளர் டேனியல் லன்வா அவர் குரலைச் சுற்றி எதிரொலியும் மூட்டமும் போட்டிருந்தார். அழகாகத்தான் இருந்தது, விருதும் வாங்கியது. இங்கே அந்தத் திரை இல்லை. உதடு பிரியும் ஒலி கேட்கிறது. கரகரப்பு வரும் இடங்களைக் கவனித்தால், அவை எங்கு வேண்டுமானாலும் வருவதில்லை. ‘ஃபால்ஸ் ப்ராஃபெட்’ மாதிரி மிரட்டும் பாட்டில் வேண்டுமென்றே தொண்டையை உராய விடுகிறார். ‘ஐ’வ் மேட் அப் மை மைண்ட் டு கிவ் மைசெல்ஃப் டு யூ’ பாட்டில் அதே தொண்டை கனிந்துபோகிறது. தேய்ந்துபோன குரலுக்கு இரண்டு நிறம் வராது. தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் குரலுக்குத்தான் அது முடியும். அண்ணனுக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான்.

மெட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஃபால்ஸ் ப்ராஃபெட்’டின் இசை 1954ல் பில்லி எமர்சன் பதிவுசெய்த ஒரு புளூஸ் பாட்டிலிருந்து அப்படியே எடுத்தது. ‘ஐ’வ் மேட் அப் மை மைண்ட்’ இசையமைப்பாளர் ஆஃபன்பாக்கின் ஓபராவில் வரும் படகுப்பாட்டின் மெட்டில் மிதக்கிறது. ஆல்பத்தின் பெயரே ஜிம்மி ரோஜர்ஸ் 1929ல் பாடிய பாட்டின் பெயரிலிருந்து எடுத்தது. திருட்டு என்று சிலர் கோபப்பட்டார்கள். நம் பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு இந்தக் கோபம் வராது. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள்; நாடக மேடையில் இருந்து பஜனை மடம்வரை தமிழ்ப் பாட்டு அப்படித்தான் பெருகியது. என் ஒரே குறை, எமர்சனின் பெயரை உறையில் நன்றியோடு சேர்த்திருக்கலாம் என்பது. நம் பழைய அச்சகத்தாருக்கு இருந்த அந்த மரியாதை இங்கே விட்டுப்போயிற்று.

மர்டர் மோஸ்ட் ஃபவுல்

எல்லாம் சேர்ந்து கூடும் இடம் கடைசிப் பாட்டு. சிடியில் அதற்கென்றே தனித் தட்டு. மீதி ஒன்பதும் ஒன்றில், இது மட்டும் இன்னொன்றில்.

பாட்டு 1963 நவம்பர் 22, டாலஸ் நகரத்தில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதில் தொடங்குகிறது. தாளம் இல்லை என்றே சொல்லலாம். பியானோ அலையடிக்கிறது, வில்லால் இழுக்கும் நரம்பிசை ஒன்று அடியில் ஊர்கிறது, டிரம்ஸ் எப்போதாவது முணுமுணுக்கிறது. அதன்மேல் குரல் தன் போக்கில் வரி வரியாகச் செல்கிறது. தாளக்கட்டு இல்லாமல், சொல்லின் பொருளுக்கு ஏற்ப நீட்டியும் நிறுத்தியும் பாடும் விருத்தத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வடிவம் அந்நியமாக இராது. விருத்தத்தில் பக்கவாத்தியக்காரர் பாடகரின் மூச்சைப் பார்த்துப் பின்னால் வருவார். இங்கும் அதுதான் நடக்கிறது.

முதல் பாதி கொலையைச் சொல்கிறது. காரில் போகிறவரின் குரல், சுட்டவர்களின் ஏளனம், வேடிக்கை பார்த்தவர்கள், எல்லாம் கலந்து வருகின்றன. நடுவில் பீட்டில்ஸ் வருகிறார்கள், உட்ஸ்டாக் இசைவிழா வருகிறது. பிறகு பாட்டு திரும்புகிறது. 1995ல் மறைந்துவிட்ட வானொலி அறிவிப்பாளர் வுல்ஃப்மேன் ஜாக்கை அழைத்து, எனக்கு ஒரு பாட்டுப் போடு என்று கேட்கத் தொடங்குகிறார். அதன்பின் நிறுத்தவே இல்லை. எட்டா ஜேம்ஸ் போடு, ஜான் லீ ஹூக்கர் போடு, நாட் கிங் கோல் போடு, தெலோனியஸ் மங்க், சார்லி பார்க்கர் போடு, மூன்லைட் சொனாட்டா போடு. சில பாட்டுகளை இன்னாருக்காகப் போடு என்கிறார். கணவனை இழந்த முதல் பெண்மணிக்காக ஒன்று, மறைந்த பாடகர் கார்ல் வில்சனுக்காக ஒன்று. கடைசியில், இந்தப் பாட்டையே போடு என்று சொல்லி முடிக்கிறார்.

வானொலியில் நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்த எவருக்கும் இந்த வடிவத்தை விளக்க வேண்டியதில்லை. பாட்டின் பெயர், பாடியவர் பெயர், விரும்பிக் கேட்டவர் பெயர், யாருக்காக என்ற பெயர். மேற்கத்திய விமர்சகர்கள் பலர் இந்தப் பட்டியலை ஒரு புதிராக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் மறைபொருள் தேடினார்கள். எனக்கு அது வீண்வேலையாகப் படுகிறது. டிலன் 2006 முதல் 2009வரை வானொலியில் வாரம் ஒரு கருப்பொருளில் நூறு நிகழ்ச்சிகள் நடத்தியவர். மைக்கின் முன்னால் உட்கார்ந்து பிறர் பாட்டை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, அதைப் பற்றி நாலு வார்த்தை பேசியவர். வானொலி அவருக்கு உருவகம் இல்லை, வேலை. இந்தப் பாட்டில் மைக்கின் மறுபக்கம் போய், கேட்பவராக நிற்கிறார்.

ஆனால் கொலையைப் பாடவந்த பாட்டு ஏன் பாட்டுப் பட்டியலாக மாற வேண்டும்? மார்ச் மாதம் கேட்டபோது எனக்கு விளங்கவில்லை. ஏப்ரலில் விளங்கியது. துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலைபார்க்கும் ஒரு பையன், தூரத்து உறவில் அக்கா மகன், அறந்தாங்கிக்காரன். அவன் இருந்த விடுதியில் கிருமித்தொற்று பரவி, யாரும் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்றாகிவிட்டது. ஒரே அறையில் பல பேர், மேலும் கீழும் படுக்கை. அவனிடமிருந்து இரவில் வாட்ஸ்அப்பில் குரல்செய்தி வரும். பயமாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. “மாமா, மலேசியா வாசுதேவன் பாட்டு இருந்தா அனுப்புங்க.” அனுப்புவேன். “மாமா, எங்க அப்பத்தாவுக்குப் பிடிச்ச பழைய சுசீலாம்மா பாட்டு ஒண்ணு, ஆறு, தோணின்னு வரும்.” தேடி அனுப்புவேன். “மேல் படுக்கையில இருக்க அண்ணன் சீர்காழி கேக்குறாரு மாமா. அவருக்காக ஒண்ணு.” ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கியில் போட்டது, அக்கா கல்யாணத்தில் போட்டது, தாத்தா இறந்த வீட்டில் யாரோ சின்னதாக வைத்துக் கேட்டது என்று நீண்டுகொண்டே போனது.

அதற்குப் பிறகு டிலனின் பட்டியலைக் கேட்டபோது எதையும் அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. தாங்கமுடியாத ஒன்று நடக்கும்போது மனிதர் அதைப் பற்றிப் பேசுவதைவிட, ஒரு பாட்டைப் போடச் சொல்வது எளிது. பாட்டின் பெயரைச் சொல்வதே மற்ற எல்லாவற்றையும் சொல்வதாகிவிடுகிறது. கென்னடி இறந்தபோது டிலனுக்கு வயது 22. அந்த அதிர்ச்சிக்கு அவர் அப்போது எழுதாத பாட்டை 56 ஆண்டு கழித்து வெளியிட்டார். அதற்குள் கேட்ட பாட்டுகள் அனைத்தும் அந்தத் துக்கத்தின்மேல் வந்து படிந்துவிட்டன. பட்டியல் அந்தப் படிவு.

சினாட்ரா ஆண்டுகள் இங்கே கணக்கில் சேர்கின்றன. 52 பாட்டுகளைத் தன் தொண்டையில் ஏற்றி இறக்கியவரால்தான் இப்படி, பெயரை மட்டும் உச்சரித்து அதற்குள் பாட்டைக் கேட்கவைக்க முடியும். நாட் கிங் கோல் என்று அவர் சொல்லும்போது அந்தப் பெயரை வாசிக்கவில்லை, பாடுகிறார்.

ஒத்துக்கொள்ளாதவை

அண்ணனுக்கு ஆல்பத்தை அனுப்பியிருந்தேன். ஜூன் கடைசியில் தேக்காவில் சந்தித்தோம், மேசைக்கு மேசை இடைவெளி விட்டு. அவர் பேச்சை அப்படியே தருகிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது.

“அந்த நீளப் பாட்டு எனக்குப் பாட்டாவே படல தம்பி. செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. உனக்கு அமெரிக்கச் சரித்திரம் தெரியும், அதனால ருசிக்குது. தெரியாதவன் என்ன செய்வான்?”

“நம்ம பாட்டுப் பேரா இருந்தா உங்களுக்கும் ருசிக்கும்ணே.”

“அதத்தான் சொல்றேன். நம்மது இல்லியே. ஆனா அந்தத் தீவுப் பாட்டு இருக்கே, அது வேற. அதை மட்டும் ரெண்டு தரம் கேட்டேன்.”

அவர் சொன்னது ‘கீ வெஸ்ட்’. ஒன்பதரை நிமிடம். அக்கார்டியன் விசிறிக்கொண்டே இருக்கிறது, அமெரிக்காவின் தென்கோடித் தீவு ஒன்றைப் பற்றி ஒரு முதியவர் பேசிக்கொண்டே போகிறார். அங்கும் வானொலி வருகிறது: லக்சம்பர்க்கிலிருந்தும் புடாபெஸ்டிலிருந்தும் அலை பிடித்துக் கேட்கும் கள்ள ஒலிபரப்பு, தெளிவாக வருகிறது என்கிறார். தூரத்து ஊர் நிலையத்தைத் தேடி முள்ளைத் திருகியவர்கள் எல்லாருக்கும் அந்த வரியின் மகிழ்ச்சி தெரியும். பத்துப் பாட்டில் எனக்கும் இதுதான் முதலிடம். ‘மர்டர் மோஸ்ட் ஃபவுல்’ பெரிய சாதனை. ‘கீ வெஸ்ட்’ பெரிய பாட்டு. இரண்டும் வேறு வேறு. இதில் அண்ணனோடு முழு உடன்பாடு.

பலவீனமானவையும் உண்டு. ‘கிராசிங் த ரூபிகான்’ ஏழு நிமிடத்துக்கு மேல் ஒரே புளூஸ் அச்சில் சுற்றுகிறது. சில வரிகள் மிரட்டலுக்காகவே மிரட்டுகின்றன. ‘குட்பை ஜிம்மி ரீட்’ உற்சாகமான அஞ்சலி, ஆனால் இந்த ஆல்பத்தின் அமைதியைக் கலைப்பதைத் தவிர அதற்கு அதிக வேலை இல்லை. ‘பிளாக் ரைடர்’ குறைவான சொற்களில் நிறையச் செய்கிறது. ‘மை ஓன் வெர்ஷன் ஆஃப் யூ’ பிணத்துண்டுகளைச் சேர்த்து ஓர் உயிரை உருவாக்கப் பார்ப்பவனின் கதை. பழைய பாட்டுகளின் துண்டுகளைச் சேர்த்துப் புதிய பாட்டு செய்யும் இந்த ஆல்பத்தின் வேலைமுறையை அவரே அதில் சொல்லிவிடுகிறார் என்பது என் எண்ணம். கேட்கும்போது சிரிப்பும் வருகிறது, நடுக்கமும் வருகிறது.

வரிகளைச் சிலாகிப்பவர்கள் பெயர்களை அடுக்குவதே கவிதையாகிவிடுமா என்று கேட்டால், எல்லா இடத்திலும் ஆகாது என்பேன். முதல் பாட்டில் ஆன் ஃபிராங்கையும் இண்டியானா ஜோன்ஸையும் ஒரே மூச்சில் வைப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒருத்தி வதைமுகாமில் இறந்த சிறுமி, மற்றவன் சினிமா நாயகன். எதுகைக்காகவும் முரணுக்காகவும் செய்ததை விட்மனின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

பிறகு நடந்தது

ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அமெரிக்காவில் இரண்டாமிடம். கடைசிப் பாட்டு தரவிறக்கப் பாடல்களின் ராக் பட்டியல் ஒன்றில் முதலிடத்துக்கு வந்தது. டிலன் தன் சொந்தப் பெயரில் பாடிய பாட்டு ஒன்று அமெரிக்காவின் பில்போர்டு இதழ் தரவரிசைப் பட்டியல் எதிலும் முதலிடம் வந்தது அதுவே முதல்முறை. 2022ல் பிறர் எழுதிய, பிறர் பாடிய 66 பாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை நூல் வெளியிட்டார். நேயர் இன்னும் நாற்காலியைவிட்டு எழவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது மேடை. 2021 நவம்பர் 2 அன்று மில்வாக்கியில் இந்த ஆல்பத்தின் பெயரிலேயே பயணத்தைத் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகள் ஊர் ஊராக இந்தப் பாட்டுகளையே பாடினார். பழம்பெரும் பாடகர்கள் புதிய ஆல்பத்திலிருந்து ஒன்றிரண்டைத் தொட்டுவிட்டுப் பழைய வெற்றிகளுக்குத் தாவுவதுதான் உலக வழக்கம். இவர் பத்தில் ஒன்பதைக் கச்சேரியின் முதுகெலும்பாக வைத்தார். 2018ல் இங்கே தடுமாறியதாக நாங்கள் பேசிக்கொண்ட அதே மனிதர், தன் குரலுக்கு அளவெடுத்துத் தைத்த பாட்டுகள் கையில் வந்ததும் இரவுக்கு இரவு அவற்றைப் பாடத் தயங்கவில்லை. நல்ல தரமான மேடைப் பதிவுகளில் கேட்டுப்பாருங்கள், ‘கீ வெஸ்ட்’ இசையமைப்பு ஒவ்வொரு பருவத்திலும் மாறியிருக்கும்; சொல் மட்டும் மசியாது.

2023 ஏப்ரலில் ஜப்பான்வரை வந்தார். சிங்கப்பூருக்கு வரவில்லை. ஒசாகா போய்வரலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். முழங்கால் ஒத்துழைக்காது என்றார், தனியாகப் போக எனக்கு மனமில்லை.

ஒன்பது பாட்டுகளைப் பாடியவர் அந்தப் பயணத்தில் ‘மர்டர் மோஸ்ட் ஃபவுல்’ பாட்டை மேடையேற்றவில்லை. நீளம் காரணமாக இருக்கலாம், நினைவு காரணமாக இருக்கலாம். என் கணிப்பு வேறு. மேடையில் நிற்பவரைப் பார்த்துத்தான் சபை பாட்டுக் கேட்கும். இந்தப் பாட்டில் கேட்பவர் அவரே. அதற்கு விளக்கொளியும் கூட்டமும் உதவாது. ஒரு வானொலிப் பெட்டியோ ஹெட்போனோ போதும். கேட்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது: முதல் தட்டை முடித்த கையோடு இரண்டாவதைப் போடாதீர்கள். ஒரு நாள் விட்டு, இரவில், அதை மட்டும் தனியாகக் கேளுங்கள். பெயர்கள் தெரியாவிட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பட்டியல் தொடங்கியதும் உங்களுக்கு வேண்டிய பாட்டுகளின் பெயர்கள் தாமாக வரத் தொடங்கும், வரட்டும், தடுக்காதீர்கள்.